வீடு நிஜம், ஓனர்தான் பொய்: வாடகை மோசடி எப்படி நடக்கிறது?

வாடகை மோசடி என்றதும், இல்லாத வீட்டை இருப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கிறது. ஆனால் பல மோசடிகளில் வீடு அசல்தான். படம் அசல், முகவரி அசல், சில சமயம் கையில் கொடுக்கும் சாவிகூட அசல். பணம் வாங்கும் ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும்தான் சம்பந்தம் இருக்காது. தண்ணீர் வருகிறதா, சுவரில் ஓதம் இருக்கிறதா, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா என்றெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள். “இந்த வீட்டை வாடகைக்கு விட நீங்கள் யார்?” என்ற மீதிப் பாதியைக் கேட்க நமக்குச் சங்கடம். ஏமாற்றுகிறவர்கள் பிழைப்பதே அந்தச் சங்கடத்தில்தான்.

முதலில் சின்ன மோசடி, போனிலேயே முடிந்துவிடும் வகை. வேளச்சேரியில் லிஃப்ட், கார் பார்க்கிங்கோடு இரண்டு பெட்ரூம் வீடு, வாடகை 11,000 என்று ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடு 20,000-க்குக் குறைந்து கிடைக்காது. நீங்கள் மெசேஜ் அனுப்பியதும் பதில் வரும்: “சார், நான் ஆர்மியில் இருக்கேன். இப்போ ஜம்முவுக்கு டிரான்ஸ்ஃபர். குடும்பமும் இங்கே வந்துட்டாங்க. வாடகை எனக்கு முக்கியம் இல்லை, வீட்டைச் சுத்தமா வச்சுக்கிற ஆள் வேணும்.” பின்னாலேயே சீருடையில் ஒரு படம், கேண்டீன் அட்டை, ஆதார் எல்லாம் வரும். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். வீட்டை எப்போது பார்க்கலாம் என்றால், இன்றே பார்க்கலாம், ஆனால் இது பாதுகாப்பு மிகுந்த குடியிருப்பு, உள்ளே போக கேட் பாஸ் போட வேண்டும், 2,500 ரூபாய், பார்த்துவிட்டு வந்ததும் திரும்ப வந்துவிடும் என்பார்.

2,500 அனுப்பியதும் அடுத்த கட்டம். “சார், பைசாவோட 2,500.50-ன்னு போடச் சொன்னேனே, சிஸ்டம் எடுத்துக்கலை. சரியான தொகையை இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து ரீஃபண்ட் ஆயிடும்.” இரண்டாவது முறையும் ஏதோ ஒரு தவறு நடக்கும். முதலில் போன 2,500-ஐ விட மனமில்லாமல் அடுத்த 2,500-ஐப் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் சின்னத் தொகை பெரிய தொகையாகிறது.

ஏன் எப்போதும் ஆர்மி? நமக்குச் சீருடை மேல் மரியாதை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ‘ஏன் நேரில் வர முடியாது’ என்ற கேள்விக்கு அதில் கேட்காமலேயே பதில் இருக்கிறது. வேலை இடமாற்றம், எல்லையில் பணி, அடிக்கடி பேச முடியாது. அமெரிக்காவில் இருக்கும் ஓனர், கப்பலில் வேலை பார்க்கும் ஓனர், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் ஓனர் என்று கதை மாறும், கதையின் வேலை மாறாது. ஆளைப் பார்க்காமலேயே பணத்தை வாங்குவதற்கு ஒரு நியாயம் வேண்டும், அவ்வளவுதான். நிஜமாகவே வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோவையிலும் ஏராளம், அவர்களை எல்லாம் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு உள்ளூரில் ஒரு தம்பியோ மாமனாரோ பக்கத்து வீட்டுக்காரரோ இருப்பார், சாவி அவரிடம் இருக்கும், வீட்டைத் திறந்து காட்டக் காசு கேட்க மாட்டார்கள்.

ஆதார் படம் அனுப்பினாரே, பொய்யாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆதார் உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் அது அவருடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இதே மாதிரி வீடு தேடி, ‘வாடகை ஒப்பந்தத்துக்கு வேண்டும்’ என்று கேட்டதும் நம்பி அனுப்பிய வேறொருவருடையதாக இருக்கலாம். அதே வழியில் நாளைக்கு உங்கள் ஆதாரும் இன்னொருவருக்குப் போகும். ஆகவே வீடு முடிவாகும் முன் யாருக்கும் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இதே ஆட்டம் வீட்டு ஓனர்களிடமும் நடக்கிறது, ரிட்டயர் ஆன அப்பா அம்மா மாடி போர்ஷனை வாடகைக்கு விடும் வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள். வாடகைக்கு வரப்போகும் ‘ஆர்மி அதிகாரி’ வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது என்பார், அட்வான்ஸ் இப்போதே போடுகிறேன் என்பார், ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்பார். யூபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுக்கவும் கணக்கில் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் வந்து விழும். நம்பிக்கை வரட்டும் என்று முதலில் உங்களை 1 ரூபாய் அனுப்பச் சொல்லி 2 ரூபாய் திருப்பி அனுப்புவதும் உண்டு. அடுத்து வரும் கோடு 40,000-க்கு இருக்கும்.

புரோக்கர் வழியில் ஒரு சின்ன தொல்லையும் இருக்கிறது. பதிவுக் கட்டணம் என்று ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கிக்கொண்டு பத்து நம்பர் கொடுப்பார்கள். எதைக் கூப்பிட்டாலும் “வீடு முடிஞ்சிருச்சுங்க” என்பார்கள். வீடு அமைந்த பிறகு ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பது ஊர் வழக்கம், சரி. வீட்டைக் காட்டும் முன்பே காசு கேட்பவரிடம் நிற்க வேண்டாம்.

இனி பெரிய விஷயத்துக்கு வருவோம். சென்னையில் லீஸ், தெற்கே ஒத்தி, வேறு சில மாவட்டங்களில் போக்கியம். மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு அல்லது மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாடகையே இல்லாமல் வாழலாம் என்பதால் நகையை விற்றும், பி.எஃப். பணத்தை எடுத்தும் இதில் போடுகிறார்கள். கேட் பாஸ் ஆசாமி ஐயாயிரம் பத்தாயிரத்தோடு போய்விடுவான், இங்கே போவது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு.

நடப்பது இப்படி. ஒரு ‘நிர்வாக நிறுவனம்’ ஓனரிடம் போய், உங்கள் வீட்டை நாங்கள் எடுத்து நிர்வகிக்கிறோம், மாதம் 20,000 வாடகை ஐந்தாம் தேதிக்குள் கணக்கில் வந்துவிடும், குடியிருப்பவர் தொல்லையெல்லாம் உங்களுக்கு இல்லை என்கிறது. ஓனருக்குச் சந்தோஷம், கையெழுத்துப் போடுகிறார். அதே நிறுவனம் அதே வீட்டை 8 லட்சத்துக்கு லீஸ் என்று உங்களிடம் கொடுக்கிறது. வீட்டைக் காட்டுகிறார்கள், சாவி தருகிறார்கள், முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நோட்டரி முத்திரையும் குத்துகிறார்கள். நீங்கள் பால் காய்ச்சிக் குடியேறுகிறீர்கள். உங்கள் 8 லட்சத்திலிருந்து ஓனருக்கு மாதம் 20,000 போய்க்கொண்டிருக்கிறது. ஓனருக்கு நீங்கள் மாத வாடகைக்காரர், உங்களுக்கு அந்த நிறுவனம்தான் ஓனர் மாதிரி. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத வரை எல்லாம் சுமுகம். 8 லட்சத்தை 20,000-ஆல் வகுத்தால் 40 மாதம் வரும், அதுவரை தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கலாம். அதுவும் நடக்காது, ஏனென்றால் மீதிப் பணம் வேறெங்கோ போய்விடும், பழைய ஓனர்களுக்குப் புது ஆட்களின் லீஸ் பணத்திலிருந்து வாடகை போகும். புது ஆட்கள் வருவது நின்ற மாதம் அலுவலகம் பூட்டியிருக்கும். அப்போதுதான் நிஜ ஓனர் உங்கள் கதவைத் தட்டி, இரண்டு மாதமாக வாடகை வரவில்லையே என்று கேட்பார். நீங்கள் 8 லட்சத்துக்கான ஒப்பந்தத்தைக் காட்டுவீர்கள். அவரும் ஓர் ஒப்பந்தத்தைக் காட்டுவார். அதில் அவர் யாருக்கும் 8 லட்சம் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்க மாட்டார்.

லீஸே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் வருடத்துக்கு 56,000, மாதத்துக்கு 4,700 ரூபாய்க்கும் கீழே. மாதம் 20,000 வாடகை வரக்கூடிய வீட்டை ஒருவர் ஏன் 4,700 ரூபாய் லாபத்துக்குக் கொடுக்க வேண்டும்? அவருக்கு மொத்தப் பணம் உடனே தேவைப்படுகிறது என்றால் கொடுப்பார். பெண் கல்யாணம், தொழிலில் நஷ்டம், வெளியே அதிக வட்டிக்கு வாங்கிய கடன் என்று இருக்கலாம். அப்படியானால் அந்த வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானத்தில் இருக்க வாய்ப்பு உண்டு, தவணை நின்றுபோனால் பேங்க் வீட்டைக் கையகப்படுத்த வரும், உங்கள் நோட்டரி முத்திரையை அவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். கடன் நெருக்கடியில் இருப்பவர் இரண்டு வருடம் கழித்து 8 லட்சத்தை எங்கிருந்து புரட்டித் தருவார் என்பது அடுத்த கேள்வி. அடுத்து லீஸுக்கு வருபவர் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும் என்பதுதான் பல வீடுகளில் நடைமுறை. நிஜ ஓனரோடு நேரடியாகப் போடும் லீஸிலேயே இவ்வளவு இருக்கிறது. நடுவில் ஒரு நிறுவனம் வந்து, அதுவும் ஊர் விலையைவிடக் குறைவாகக் கொடுத்தால், என் அபிப்பிராயத்தில் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

சரி, எதைப் பார்ப்பது? பெயரைப் பாருங்கள். ஈபி பில்லில் ஒரு பெயர் இருக்கும், சொத்து வரி ரசீதில் ஒரு பெயர் இருக்கும், பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும், நீங்கள் பணம் அனுப்பும் கணக்கில் ஒரு பெயர் இருக்கும். நான்கும் ஒன்றாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஏன் இல்லை என்பதற்கு ஒட்டும்படியான காரணம் வேண்டும். ஈபி இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ, அதற்காகப் பயப்பட வேண்டாம், வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். ஆனால் பணம் மட்டும் யாரோ மைத்துனர் கணக்குக்கு, வேறு ஊர் கணக்குக்கு, ‘எங்க கம்பெனி அக்கவுண்ட்டுக்கு’ என்றால் நிறுத்துங்கள். யூபிஐயில் அனுப்பும் முன் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும், அவசரத்தில் நாம் அதைப் படிப்பதில்லை. டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம்தானே என்று அலட்சியம் வேண்டாம், அதையும் ஓனர் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்தோடு ரசீது.

மாத வாடகைக்கு இவ்வளவு போதும். லீஸ் என்றால், சொத்தின் விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. தமிழகப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். கடைசியாக யார் பெயருக்கு விற்பனையாகியிருக்கிறது என்பது அதில் இருக்கும். ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று ஒரு பதிவு தெரிந்தால் பத்திரத்தைப் பேங்கில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீதும் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். சர்வே எண் கேட்டதும் ஒருவர் முகம் மாறினால் அதுவே பதில். ஓனர் சார்பில் பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) வைத்திருக்கிறேன் என்பவரிடம் பதிவு செய்த பவர் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள், வாடகைக்கோ லீஸுக்கோ விட்டுப் பணம் வாங்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஓனரோடு ஒரு தடவை வீடியோவில் பேசுங்கள். அந்த ஓனரின் நம்பரைப் பவர் வைத்திருப்பவரிடமே வாங்காமல் அசோசியேஷனிலோ பக்கத்து வீட்டிலோ வாங்கினால் இன்னும் நல்லது.

ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் ஊரெல்லாம் 11 மாத ஒப்பந்தம். அப்படியென்றால் மூன்று வருட லீஸை வெறும் நோட்டரி முத்திரையோடு கொடுப்பவர் பதிவுச் செலவை மிச்சப்படுத்துகிறாரா, வேறு எதையாவது மறைக்கிறாரா என்று யோசிக்க வேண்டும். பதிவான ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், ஏற்கெனவே ஒருவருக்கு ஒத்தி கொடுத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு அரசின் தனித் தளமே இருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது மோசடி இல்லை, பேரம் பேச வேண்டிய விஷயம்.

ஆவணங்களைவிட வேகமாக உண்மையைச் சொல்பவர்கள் அக்கம்பக்கத்தினர். ஓனரோ புரோக்கரோ இல்லாத நேரத்தில், மாலையில் ஒரு தடவை போங்கள். வாட்ச்மேன், எதிர் வீட்டு மாமி, கீழே உள்ள மளிகைக் கடை என்று விசாரியுங்கள். “மூணாவது மாடி வீடு காலியா இருக்காமே, யார் வீடுங்க அது?” என்று பொதுவாகக் கேட்டால் போதும், ஓனர் பெயரிலிருந்து போன வாடகைக்காரர் ஏன் காலி செய்தார் என்பது வரை வந்துவிடும்.

இப்போது சுற்றுலா. கோடைக்கானலிலோ ஊட்டியிலோ இரண்டு நாள் தங்க வீடு எடுக்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் முடியாது, முன்பணம் கொடுக்காமலும் இருக்க முடியாது. அதனால்தான் மே மாதமும் தொடர் விடுமுறைகளும் ஏமாற்றுகிறவர்களுக்கு அறுவடைக் காலம். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், மேகத்துக்கு நடுவே ஒரு மர வீடு, ‘சனி ஞாயிறுக்கு ஒரே ஒரு அறைதான் பாக்கி’, ஜிபேயில் பாதிப் பணம். அந்த மர வீடு வேறு ஏதோ நாட்டில் இருக்கும். படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் பெரும்பாலும் அதன் சொந்த ஊர் தெரிந்துவிடும். இன்னொரு வகை கொஞ்சம் நுட்பமானது: உண்மையான ஹோட்டலின் பெயரிலேயே போலித் தளம், அல்லது வரைபடத்தில் அந்த ஹோட்டலுக்கு நேரே யாரோ மாற்றி வைத்த தொலைபேசி எண். நீங்கள் சரியான ஹோட்டலைத்தான் தேடினீர்கள், பேசியது மட்டும் தப்பான ஆளிடம். பக்தர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைக்கும் இத்தகைய போலி முன்பதிவுத் தளங்கள் பற்றி மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், ஆன்மிகத் தலங்களில் விருந்தினர் விடுதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. திருப்பதி அறைக்கும் இதுவே கதி. தேவஸ்தானத் தளத்தின் முகவரி அரசுத் தளம் போல ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும், தேடலில் முதலில் வருவதெல்லாம் தேவஸ்தானம் கிடையாது.

இதில் செய்யக்கூடியது: தங்கும் இடத்தின் தொலைபேசி எண்ணை இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்த வீடியோவை ஓடவிட வழி இருக்கிறது என்பதால் நீங்கள் இடையில் ஏதாவது கேட்க வேண்டும், “கேமராவை அப்படியே வாசலுக்குக் கொண்டு போங்க, எதிர்ல என்ன இருக்கு?” என்பது மாதிரி. முன்பதிவுச் செயலியில் பிடித்த வீட்டுக்காரர், இங்கே கமிஷன் அதிகம், நேரடியாக அனுப்பினால் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்றால் ஆசைப்படாதீர்கள், செயலிக்கு வெளியே போன பணத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்காது. நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் போக வேண்டிய இ-பாஸ் இலவசம், அதற்குத் தனியாக இவ்வளவு என்று அறைக்காரர் பில் போட்டால் அவர் மற்ற விஷயங்களிலும் எப்படி இருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் அழுவதற்கு முன் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள், உங்கள் பேங்கிலும் சொல்லுங்கள். கோபத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அதே தளத்தில் சந்தேகத்துக்குரிய தொலைபேசி எண்ணையோ யூபிஐ முகவரியையோ போட்டு, ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று தேடும் வசதியும் இருக்கிறது, பணம் அனுப்புவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தலாம். லீஸ் மோசடி என்றால் காவல் நிலையம், பெரிய தொகை என்றால் சென்னையில் வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகம். உங்களை மாதிரியே அந்த நிறுவனத்திடம் ஏமாந்த மற்றவர்களையும் ஓனர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் புகாருக்குக் கனம் கூடும்.

புகார் கொடுத்த சில நாட்களில் ஒரு போன் வரலாம். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் முடக்கப்பட்டிருக்கிறது, விடுவிக்க 3,000 ரூபாய் கட்டணம் என்பார்கள். போலீஸ் அப்படிக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.